கண்ணாடிக்குப் பின்னால் கோபக்காரி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். சின்னவளுக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது. அது எப்போதுமே ஒழுகுகிற மூக்கு என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. உன் முழங்கால் வலி இப்போது எப்படி? அத்தானையும் கேட்டதாகச் சொல்.

இந்தக் காகிதத்தில் பசை நாற்றம் அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு படி. பட்டறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியவில்லை.

முதலாளி இன்றைக்குக் காலையில் கூப்பிட்டு, "புதுசா ஒரு பொம்பளைத் தலை வேணும். நீயே செஞ்சிடு" என்றார். உனக்கு இது சாதாரணமாகத் தெரியும். பதினோரு வருஷமாகத் துணிக்கடைப் பொம்மை செய்கிறேனே தவிர, ஒரு முகம்கூட நான் செய்தது கிடையாது. எல்லாம் எனக்கு முன்னால் எவனோ செய்துவைத்துவிட்டுப் போன அச்சு. அதில் ரெசின் பசையைப் பூசி, இரண்டு பாதியையும் ஒட்டி, ஒட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்து மறைப்பதுதான் என் பிழைப்பு. ஓவியப் பள்ளியில் படித்தவன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

முகத்துக்கென்று முதலாளி ஒரு சட்டம் வைத்திருக்கிறார். "பாத்துட்டுப் போறவனுக்குத் துணி ஞாபகம் இருக்கணும், மூஞ்சி ஞாபகம் இருக்கக் கூடாது." அதனால் கருமணியைக்கூடக் கொஞ்சம் மேலே தூக்கித்தான் வரைவோம். பொம்மை யார் கண்ணையும் பார்க்காமல் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கும். யாருக்கும் சங்கடம் இல்லை.

களிமண்ணை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். எந்தப் படத்தையும் பார்க்கவில்லை, கை போன போக்கில் விட்டேன். நெற்றி வந்தது, மூக்கு வந்தது. முகவாய்தான் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது. அமுக்கினால் நிமிர்கிறது. ஈரத்துணியைப் போட்டு மூடிவைத்திருக்கிறேன், நாளைக்கு வந்து ஒரு கை பார்க்கிறேன்.

பதில் போடு.

உன் தம்பி

---

ஜனவரி 28

தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். கடிதம் வந்தது, நாற்றமும் வந்தது. ஜன்னல் பக்கம் வைத்துப் படித்தேன். மூக்கை அப்படியே விட்டால் அது நெஞ்சில் போய் உட்காரும்; குழந்தையை டாக்டரிடம் காட்டு. முழங்கால் மாடி ஏறும்போது வலிக்கிறது, அதனால் மாடி ஏறுவதில்லை.

போன் பண்ணக்கூடாதா என்று கேட்கமாட்டாய் என்று தெரியும். இந்த வீட்டுப் போன் ஹாலில் இருக்கிறது. நான் "ம்" என்று சொன்னாலும் அது எதற்கு "ம்" என்று நாலு பேருக்கு விளக்கம் சொல்லவேண்டும். கடிதமே நல்லது.

அத்தானை வங்கியில் மேனேஜராக்கிவிட்டார்கள். தெருவில் போனால் வணக்கம் வைக்கிறார்கள், எனக்கும் சேர்த்து. என் நாத்தனார் பக்கத்துத் தெருவுக்கே குடிவந்துவிட்டாள். தினமும் வந்து போகிறாள். என்னைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்.

புதுத் தலையைச் செய், சந்தோஷம். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். கொஞ்சம் இடம் கொடுத்தால் மடத்தையே பிடுங்குகிற ஆள் நீ. முதலாளி கேட்டதைச் செய்து கொடு, கேட்காததைச் செய்யாதே.

அன்புடன்,
அக்கா

---

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். மூக்கு நின்றுவிட்டது, உன் வாய் முகூர்த்தம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேனேஜர் வீட்டு அம்மாவுக்கு என் வணக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்.

தலை முடிந்தது. அச்சும் எடுத்தாகிவிட்டது. பெயர் வைத்தது நானில்லை, எங்கள் பெயின்டர். உதட்டுக்கு வண்ணம் தீட்டத் தூரிகையைத் தூக்கியவர் அதன் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார். "யோவ், என்னய்யா இவ இப்படி மொறைக்கிறா? நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்றார். அன்றிலிருந்து பட்டறை முழுக்க அது கோபக்காரி.

முறைக்கவெல்லாம் இல்லை, அக்கா. நேராகப் பார்க்கிறது, அவ்வளவுதான். கருமணியை நான் தூக்கி வரையவில்லை. தூக்கினால் அந்த முகவாய்க்குப் பொருந்தவில்லை. முகவாய் ஒன்று சொல்ல, கண் ஒன்று சொல்லிற்று. அதனால் எதிரே நிற்கிறவரைப் பார்க்கும்படி வைத்துவிட்டேன்.

முதல் ஆறு பொம்மை கடைகளுக்குப் போயிற்று. அதற்குள் புகார். ஒரு கடையில் யாரோ ஒரு அம்மா அதனிடம் போய், "ஏம்மா, இதுல பெரிய சைஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் கோபித்துக்கொண்டு போய்விட்டாராம். இன்னொரு கடையில் ஒருவர் பெண்டாட்டியைச் சத்தம்போட்டுத் திட்டிக்கொண்டே வந்து, இதன் முன்னால் நிமிர்ந்தவுடன் குரலைத் தாழ்த்திக்கொண்டாராம். இதெல்லாம் புகாரா, பாராட்டா, நீயே சொல்.

முதலாளி சொல்லிவிட்டார், புகார்தான். "முகவாயில ரெண்டு நூல் அளவு தேய். கண்ணை மேல தூக்கு. உதட்டுல லேசா ஒரு சிரிப்பு வை." நான் உப்புத்தாளை எடுக்கவில்லை. அவர் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "இந்தா பாரு. உன் மனசுல இருக்கறதையெல்லாம் என் களிமண்ணுல கொண்டாந்து கொட்டாத."

"மாட்டேன்" என்றேன்.

யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமில்லை.

உன் தம்பி

---

மார்ச் 8

தம்பிக்கு,

ஆசிகள். நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்க பயமாக இருக்கிறது.

உனக்கென்ன பைத்தியமா? அது பொம்மை. துணி மாட்டுகிற பொம்மை. அதன் முகவாய் இரண்டு நூல் குறைந்தால் உலகம் கவிழ்ந்துவிடுமா? உனக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், பெண்குழந்தை இருக்கிறது, வீட்டு வாடகை இருக்கிறது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டு அப்புறம் ஊதியவன் நான்தான் என்று பெருமை வேறு.

ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. நான் வாழவில்லையா? எதற்கும் ஒரு "சரி" போட்டுவிட்டால் பொழுது போய்விடும். முதலில் தொண்டையில் கொஞ்சம் சிக்கும். பிறகு பழகிவிடும்.

உப்புத்தாளை எடு. தேய்த்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ.

அக்கா

பி.கு. பெரியவர்கள் பேச்சைக் கேள் என்று எழுத வந்தேன். நீ எப்போது கேட்டிருக்கிறாய்?

---

மார்ச் 25

அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நீ எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்தேன். "பழகிவிடும்" என்ற இடத்தில் பேனா அழுந்தி, காகிதம் லேசாகக் கிழிந்திருக்கிறது. உன் எழுத்து அப்படி அழுந்தி நான் பார்த்ததில்லை.

நீ அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன், தேய்க்கமாட்டேன்.

ஏன் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அடுத்தவன் செய்த முகத்தின் தழும்பைத் தேய்த்தேன். ஒரு தடவைகூட விரல் சூடானதில்லை. இதைச் செய்யும்போது சூடாயிற்று. நான் நினைத்துச் செய்யவில்லை, அதுவாக என்னிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டது. வாயால் பேசத் தெரியாதவன் நான், உனக்கே தெரியும். கடைக்காரன் சில்லறை குறைத்துக் கொடுத்தால்கூடக் கேட்காமல் வருகிறவன். எனக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று அந்த மண்தான் எனக்குக் காட்டிற்று. அதைப் போய் நானே தேய்த்துவிட்டால், என்னிடம் பாக்கி என்ன இருக்கும்?

அதற்காகச் சண்டை போடவில்லை. மறுபடி கூப்பிட்டுக் கேட்டார், மறுபடி அதே பதிலைச் சொன்னேன். அவ்வளவுதான். இப்போது எனக்குக் கொஞ்சம் ஓய்வு. சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது நான்தான்.

புகார் வந்தாலும் எடுத்த ஆர்டரை விட முதலாளிக்கு மனசு வரவில்லை. மாற்றுவதற்கு முன்னாலேயே ஒரு லாரி போய்விட்டது. உங்கள் பக்கம் என்று கேள்வி. எங்கேயாவது பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

தம்பி

---

மே 4

மைத்துனருக்கு,

நலம், நாடுவதும் அதுவே. நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. இப்படியொரு விஷயத்துக்காக எழுதவேண்டியிருப்பதற்கு வருந்துகிறேன்.

எங்கள் ஊர்க் கடைவீதியில் மூன்று மாடித் துணிக்கடை ஒன்று இருக்கிறது. அதன் முன்பக்கக் கண்ணாடிக்குள் ஒரு பொம்மையை நிறுத்தியிருக்கிறார்கள். சென்ற மாதம் என் தங்கை ஓடிவந்து, "அண்ணா, அண்ணியைக் கடையில நிக்க வச்சிருக்காங்க, நைட்டி போட்டு!" என்றாள். நான் சிரித்தேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. நெற்றி, மூக்கு, முகவாய் எல்லாம் உங்கள் அக்காதான். இளைத்த, கோபமான அக்கா. செய்தது யார் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வங்கியில் என் கீழே வேலை செய்கிறவர்கள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். ஒருவர் என்னிடமே, "சார், மேடம் மாடலிங் பண்றாங்களா?" என்று கேட்டுவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புத்தான் இன்னும் மோசமாக இருந்தது. நான் கெட்டவன் இல்லை. உங்கள் அக்காவை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ஒரு மனிதன் தினமும் தன் மனைவி இரவு உடையில் நடுத்தெருவில் நின்று தன்னை முறைப்பதைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகமுடியாது.

கடைக்காரரிடம் பேசினேன். செய்தவரே வந்து முகத்தை மாற்றிக் கொடுத்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்கிறார். ஆகவே நீங்கள் ஒருமுறை வந்து அதைச் சரிசெய்து கொடுக்கவேண்டும். உங்கள் அக்காவின் விருப்பமும் இதுதான்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
அக்காவின் கணவர்

---

மே 13

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

அத்தான் எழுதியதைப் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. நான் உன்னை வைத்துச் செய்யவில்லை. சத்தியமாக யாரையும் வைத்துச் செய்யவில்லை. உன்னை நேரில் பார்த்தே ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் இப்போது கண்ணை மூடினால் தெரிகிறது. அது எப்போதைய நீ என்றுகூடத் தெரிகிறது.

என் ஓவியப் பள்ளி விண்ணப்பத்தை அப்பா கிழித்துப்போட்டாரே, அந்த நாள். "படம் வரைஞ்சு பிச்சை எடுக்கப் போறானா?" என்று கத்தினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நீ எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாய். தலையை நிமிர்த்தி, அவர் கண்ணை நேராகப் பார்த்து, "அவன் போவான்" என்றாய். வீட்டில் அப்பாவை அப்படிப் பார்த்தவர் யாருமில்லை. அந்த முகத்தால்தான் நான் படித்தேன். அதுதான் என் விரலுக்குள் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தைரியம் என்று ஒன்று இருந்தால் அது உன்னிடம் கடன் வாங்கியது.

ஆகவே முகம் உன்னுடையது. முதலாளிக்குச் சொன்ன பதிலை உனக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை. வேண்டாம் என்று நீ சொன்னால் அடுத்த ரயிலில் உப்புத்தாளோடு வருகிறேன். கடைக்காரர் எதிரிலேயே என் கையால் தேய்க்கிறேன். வேறு எவன் சொன்னாலும் செய்யமாட்டேன், அத்தான் சொன்னாலும். "அக்காவின் விருப்பம்" என்று அவர் கையெழுத்தில் இருந்தால் போதாது. உன் கையெழுத்தில் வேண்டும்.

அதற்கு நைட்டியை மாட்டியது கடைக்காரர். அதற்கு நான் பொறுப்பில்லை.

தம்பி

---

ஜூன் 6

அக்கா,

இங்கே சுகம். அங்கே?

உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன். பையிலேயே இருக்கிறது. ஒரு வரி எழுது. "தேய்" என்றாவது எழுது. நீ எழுதாமல் இருப்பது, நீ திட்டுவதைவிட மோசமாக இருக்கிறது.

தம்பி

---

ஜூலை 2

தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் இப்போதெல்லாம் நடக்கிறேன். எழுதாததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஒரு வரியில் எழுதக்கூடியதாக இருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன்.

முதல் தடவை நாத்தனார் என் கையைப் பிடித்து அந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் தலையைக் குனிந்துகொண்டே போய்க் குனிந்துகொண்டே திரும்பினேன். எதையும் பார்க்கவில்லை. வீட்டில் "பார்த்தேன், அசிங்கமா இருக்கு" என்று சொன்னேன். அத்தான் அதைத்தான் என் விருப்பம் என்று உனக்கு எழுதினார். அவர்மேல் தப்பில்லை. அவர் கேட்டால் நான் "சரி" என்பேன் என்று அவருக்குத் தெரியும்.

உன் மே மாதக் கடிதம் வந்த பிறகு தனியாகப் போனேன். கடைக்கு எதிரே பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் சிரிப்பு வந்தது. என்னைவிட ஒல்லி, நல்ல முடி. இரண்டாம் நாள் அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை. பிறகு காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் உட்கார்ந்தேன். காய்கறி நிறைய வாங்கினேன் போன மாதம். வீட்டில் கேட்டார்கள், விலை மலிவு என்று சொன்னேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள்.

நீ எழுதியிருக்கிற அந்த நாளில் நான் அப்படி நிற்கவில்லை. அப்பாவுக்கும் உனக்கும் நடுவில் வந்தது உண்மை. ஆனால் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதுகொண்டிருந்தேன். "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்று சொன்னேனே தவிர, "அவன் போவான்" என்று நான் சொல்லவே இல்லை. அப்பா என்னைப் பார்க்கவில்லை; என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே ஓங்கிய கையை இறக்கினார். யாரைப் பார்த்து இறக்கினார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். நீ சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் நின்றாய். ஆனால் நிமிர்ந்து நின்றாய். உதடு நடுங்கியது, முகவாய் மேலே இருந்தது, கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தாய். "நான் போவேன்" என்று சொன்னது நீதான்டா.

உனக்கு அது நினைவில்லை. உன்னால் முடியும் என்று நீ நம்பவில்லை, அதனால் அதைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாய். இத்தனை வருஷமாக என்னைத் தைரியசாலி என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருந்தது. திருத்தவும் மனம் வரவில்லை. யாராவது ஒருவர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

ஆக, மூக்கு என்னுடையது, நெற்றி என்னுடையது. பார்வை உன்னுடையது. என் முகத்தை எடுத்து அதற்குள் நீ உட்கார்ந்திருக்கிறாய். உன் முதலாளி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், உன் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டாய் என்று. அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் ஜூன் மாதக் கடிதத்தில் பசை நாற்றம் இல்லை. மே மாதத்திலும் இல்லை. மார்ச்சில் "ஓய்வு" என்று எழுதினாய். வேலை போய்விட்டது என்று நேராக எழுதக் கை வரவில்லையா? பொம்மையை நேராகப் பார்க்க வைக்கத் தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் கேட்டார். "உன் தம்பிக்கு எழுதிட்டியா? எப்ப வர்றான்?"

"வரமாட்டான். நான் வரச் சொல்லல."

"அப்ப அந்த மூஞ்சி?"

"அது என் மூஞ்சி இல்லன்னு சொன்னா நம்பமாட்டீங்க. என்னோடதுன்னே வச்சுக்கங்க. நிக்கட்டும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். தொண்டையில் ஒன்றும் சிக்கவில்லை. நாத்தனார் கையில் காபித் தம்ளரோடு அப்படியே நின்றாள். அதன் பிறகு வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அமைதியாக இருக்கிறது. உனக்கு எழுத நேரம் கிடைத்தது அதனால்தான்.

நீ கேட்ட ஒரு வரி இதுதான், என் கையெழுத்தில்: தேய்க்காதே.

அக்கா

---

ஜூலை 14

அக்கா,

சுகம். உன் சுகத்தைக் கேட்கவேண்டியதில்லை, கடிதத்திலேயே தெரிகிறது.

முதலில் நம்பவில்லை. கண்ணாடி முன்னால் போய் நின்றேன். எனக்கேது முகவாய், தாடிக்குள்ளே அல்லவா இருக்கிறது? வழித்துவிட்டுப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். இவள் பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கண்டுபிடிக்க உங்க அக்கா லெட்டர் போடணுமா? நான் இந்த மூஞ்சியோடதானே குடித்தனம் பண்றேன்?" என்றாள். இவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. பெயின்டருக்குக்கூடத் தெரிந்திருக்கலாம். எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது.

வேலை போனது உண்மை. மார்ச்சிலேயே போயிற்று. இரண்டாம் தடவை "மாட்டேன்" என்றபோது, "அப்ப நாளைக்கு வராத" என்றார். உன்னிடம் சொன்னால், நான் சொன்னேனே என்பாய் என்று பயந்தேன். இவள் தையல் வேலையில் வீடு ஓடுகிறது. நான் ஒரு பழைய கராஜைப் பிடித்துக் களிமண் வாங்கிப் போட்டிருக்கிறேன். என்ன செய்யப்போகிறேன் என்று கேட்காதே, கை சொல்லும்.

கோபக்காரியின் அச்சை முதலாளி உடைத்துவிட்டார். பெயின்டர் வந்து சொன்னார். சம்மட்டியை முதலில் பெயின்டர் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள், அவர் முடியாது என்று கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாராம். பிறகு முதலாளியே உடைத்தாராம். இனி ஒன்றுகூட வார்க்கமுடியாது. வெளியே போனவற்றைக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பி, முகத்தைத் தேய்த்து வாங்கிக்கொள்கிறார்கள். மிச்சம் நிற்கிறது உங்கள் ஊர்க் கண்ணாடிக்குள் இருப்பதுதான் என்று நினைக்கிறேன்.

அதை யாராவது ஏதாவது செய்துவிடுவார்களோ? நான் வரட்டுமா?

தம்பி

---

ஆகஸ்ட் 1

தம்பிக்கு,

ஆசிகள். நீ வரவேண்டாம். வேலையைப் பார்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே போனேன். நைட்டியை மாற்றி ஏதோ ஒரு கோட்டு மாட்டியிருந்தார்கள். பொம்மையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள், தெருவுக்கு முதுகு. யார் சொல்லி என்று நான் கேட்கவில்லை. கடைக்குள் போனேன். விற்கிற பெண்களில் ஒருத்தி என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை நழுவவிட்டாள். "என்ன வேணும்க்கா?" என்றாள். "ஒண்ணும் வேணாம்மா" என்று சொல்லிவிட்டு, கண்ணாடி அறைக்குள் ஏறினேன். இந்த முழங்காலோடு. அதன் தோளைப் பிடித்துத் தெருப் பக்கம் திருப்பினேன். நீ ரொம்பக் கனமாகச் செய்கிறாய்.

மறுநாள் மறுபடி சுவரைப் பார்த்து நின்றது. மறுபடி திருப்பினேன். அதற்கு மறுநாளும் அப்படியே. கடை முதலாளி ஓடிவந்து, "அம்மா, சார் சொன்னதாலதான் செஞ்சோம், நீங்க இப்படிப் பண்ணா நாங்க என்ன பண்றது?" என்றார். "நீங்க திருப்புங்க. நான் வந்து திருப்பிக்கறேன்" என்றேன். நான் சத்தம் போடவில்லை, கோபப்படவும் இல்லை. போவேன், திருப்புவேன், வருவேன். கடைவீதியில் என்னைப் பார்த்து வணக்கம் வைக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வைக்கிறவர்கள் எனக்கே வைக்கிறார்கள்.

இன்றைக்கும் போனேன். தூரத்திலிருந்தே தெரிந்தது, பொம்மை தெருவைப் பார்த்து நின்றது. காலையில் கடை முதலாளி சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைத்தாராம், கடைக் காவலாளி சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண்கள் ஒருத்தியும் நிமிரவில்லை. வரிசையாக நின்று, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏறவில்லை, வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் பேப்பரை இறக்காமலே கேட்டார். "இன்னைக்கும் போனியா?"

"போனேன்" என்றேன். "நாளைக்கும் போவேன்."

அக்கா